காரீயப் பட்டறைக் குடும்பங்களுக்கு உணவுக் குறிப்பு: நார்ச்சத்தை எவ்வளவு நம்பலாம்?

கீரைக்கட்டு கேட்டது:

வணக்கம். பழைய பேட்டரியை உடைத்துக் காரீயம் உருக்கும் பட்டறைகளில் வேலை செய்பவர்களில், குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகளுக்காக இரண்டு பக்கத்தில் ஓர் உணவுக் குறிப்பு தயாராகிறது. "தாவர நார்ச்சத்து கன உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும், விந்தணுவையும் கருவையும் காக்கும்" என்ற வரி வரைவில் இருக்கிறது. அதை அப்படியே விடலாமா என்பதுதான் கேள்வி.

தெளிவு வேண்டிய இடங்கள்: எல்லா நாரும் ஒன்றுதானா, இல்லை பெக்டின் (பழங்களில் உள்ள கரையும் நார்), தவிடு, இசப்கோல் என்று வித்தியாசம் உண்டா? தவிட்டைக் கூட்டினால் இரும்பும் துத்தநாகமும் சேர்ந்து போய்விடாதா? எந்த வேளைச் சாப்பாட்டில் சேர்க்கச் சொல்வது? வேலைக்குப் போகும் கணவருக்கும் கருவுற்றிருக்கும் மனைவிக்கும் ஒரே குறிப்பு போதுமா?

எலி ஆய்வுகள் நிறையக் கண்ணில் படுகின்றன. எதை நம்புவது என்று பிரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நஞ்சுமுறி:

அந்த வரியை அப்படியே விடாதீர்கள். நார் வேலை செய்வது குடலுக்குள் மட்டும். இரத்தத்தில் ஏறிவிட்ட காரீயத்தையும், எலும்பில் படிந்துவிட்டதையும், விரையில் சேர்ந்த காட்மியத்தையும் அது தொடாது. "வெளியேற்றும்" என்பதை அடித்துவிட்டு "உள்ளே ஏறுவதைக் குறைக்கும்" என்று மாற்றினால் பாதிப் பிழை போய்விடும்.

பட்டறையில் உலோகம் உடம்புக்குள் போக இரண்டு வழி. உருக்கும்போது எழும் புகையின் நுண்துகள் நுரையீரலின் அடி வரை போய் அங்கேயே இரத்தத்தில் கலக்கும். இதில் நாருக்கு வேலையே இல்லை. தட்டு உடைக்கும்போது பறக்கும் பெருந்துகள் மூச்சுக்குழாய்ச் சளியில் ஒட்டி மேலே வந்து, தொண்டை வழியாக விழுங்கப்படும். கையில் ஒட்டிய தூசி பீடி, டீ, சோறு வழியாக வாய்க்குப் போகும். இந்த இரண்டாவது வழிதான் நார் நிற்கக்கூடிய வாசல். ஆகவே குறிப்பின் முதல் வரி நாரைப் பற்றியதாக இருக்கக் கூடாது. சோப்பு போட்டுக் கை, முகம் கழுவுவது, வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வராமல் இருப்பது, பட்டறைக்குள் உண்ணாமல், புகைக்காமல் இருப்பது, இவைதான் முதலில் வர வேண்டும்.

எந்த நார் என்ற கேள்விக்கு: எதிர்மின்னேற்றம் உள்ள நார்தான் உலோக அயனியைப் பிடிக்கும். பெக்டின் என்பது கேலக்டுரோனிக் அமிலச் சங்கிலி. அதன் கார்பாக்சில் முனைகள் காரீயத்தை நன்றாகவும், காட்மியத்தை அதைவிடக் குறைவாகவும் பிடிக்கும். மெத்தில் ஏற்றம் குறைந்த, அதாவது அந்த முனைகளை மூடும் மெத்தில் குழுக்கள் குறைவான பெக்டினில் திறந்த முனைகள் அதிகம் என்பதால் பிடிப்பும் அதிகம். கோதுமை, அரிசித் தவிட்டில் லிக்னினும் ஃபெருலிக் அமிலம் ஒட்டிய அரபினோசைலானும் இதே வேலையைச் செய்கின்றன. தூய செல்லுலோஸில் மின்னேற்றம் இல்லாததால் மலத்துக்குப் பருமன் தரும், உலோகத்தை அநேகமாக விட்டுவிடும். "நார் மிகுந்தது" என்று அட்டையில் போட்ட பண்டம் எல்லாம் ஒன்றல்ல என்பதற்கு இதுதான் காரணம்.

இரைப்பையின் அமிலத்தில் அந்த முனைகளில் ஹைட்ரஜன் ஏறிக்கொள்வதால் பிடிப்பு நடக்காது. சிறுகுடலில் அமிலம் தணிந்த பிறகே நடக்கும். உலோகம் உறிஞ்சப்படுவதும் அங்கேதான், முக்கியமாக முன்சிறுகுடலில். இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே வந்து சேர்ந்தால்தான் பயன். பகல் முழுக்கத் தூசியை விழுங்கிவிட்டு இரவு படுக்கும்போது ஒரு கரண்டி இசப்கோல் குடிப்பது, பேருந்து போன பிறகு நிறுத்தத்துக்கு ஓடுவது மாதிரி. ஷிஃப்டுக்கு முன் சாப்பாடு, இடைவேளைச் சாப்பாடு, இந்த இரண்டு வேளைதான் முக்கியம். காரீயத்துக்கு இன்னொரு சங்கதியும் உண்டு: வெறும் வயிற்றில் அது பல மடங்கு அதிகமாக உறிஞ்சப்படும், உணவோடு சேர்ந்தால் வெகுவாகக் குறையும். காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு உலைக்குப் போகும் பழக்கத்தை நிறுத்துவதே, எந்த நாரைக் குறிப்பிட்டு எழுதுவதையும்விடப் பெரிய காப்பு.

ஆர்செனிக்கை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். நீரிலும் அரிசியிலும் அது நேர்மின் அயனியாக இருப்பதில்லை. பெக்டின் அதைப் பிடிக்க முகாந்திரமே இல்லை. அதற்கு வேறு வழி: அரிசியை ஆறு பங்கு நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிப்பது. சமைக்கும் நீரிலேயே ஆர்செனிக் இருந்தால் இதுவும் கைகொடுக்காது.

மெத்தில் பாதரசம் தனிக் கதை. கல்லீரல் அதைப் பித்தநீரில் குடலுக்கு அனுப்பும், குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்தச் சுற்றை நடுவில் வெட்டினால் உடம்பில் உள்ள பாதரசமும் குறையும். 1971-72இல் ஈராக்கில் பாதரச மருந்து தடவிய விதைத் தானியத்தை மாவாக்கிச் சாப்பிட்டவர்களுக்குக் கந்தகம் ஏற்றிய பிசினைக் கொடுத்ததும் இந்த அடிப்படையில்தான். 1986இல் வெளியான சுண்டெலி ஆய்வொன்றில் கோதுமைத் தவிட்டை உணவில் 15, 30 சதவீதம் சேர்த்தபோது பாதரசம் வேகமாக வெளியேறியது. பெக்டினும் செல்லுலோஸும் அந்தப் பலனைத் தரவில்லை. காரீயத்துக்குப் பெக்டின், பாதரசத்துக்குத் தவிடு என்று ஆள் மாறுவதைக் கவனியுங்கள். ஆனால் 30 சதவீதத் தவிடு மனிதச் சாப்பாடு அல்ல, மாட்டுத் தொட்டி.

மனிதரில் நாரையும் காட்மியத்தையும் சேர்த்துப் பார்த்ததில் ஸ்வீடன் நாட்டுப் பெண்களிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வு முக்கியம். தானிய நார் கூடிய உணவில் காட்மியமும் கூடவே அதிகம் இருந்தது. இருந்தும் அவர்கள் இரத்தத்தில் அதற்கேற்ப ஏறவில்லை. ஏறியது யாருக்கென்றால், உடம்பில் இரும்புச் சேமிப்பு வற்றியவர்களுக்கு. இரும்பு குறைந்தால் குடல் டி.எம்.டி-1 என்ற கடத்தியை அதிகமாகத் தயாரிக்கும், காட்மியமும் அதே கதவு வழியே உள்ளே வரும். இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு நாரை மட்டும் எழுதிக் கொடுத்து ஃபெரிட்டினை (இரும்புச் சேமிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்காமல் விடுவது பாதி வேலை.

கர்ப்பிணிக்குத் தனிப் பத்தி வையுங்கள். பழைய காரீயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கும். கருவின் எலும்புக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்படும்போது அந்தக் காரீயமும் இரத்தத்துக்கு வந்து நச்சுக்கொடியைக் கடந்துவிடும். இங்கே நார் ஒன்றும் செய்யாது, கால்சியம் செய்யும். மெக்சிகோ நகரில் நடந்து 2009இல் வெளியான சோதனையில் கர்ப்பிணிகளுக்குத் தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்தபோது இரத்தக் காரீயம் சராசரியாகச் சுமார் 11 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டியும், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருந்து, உணவில் கால்சியமோ இரும்போ போதாத கர்ப்பிணிக்கு அவற்றைக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறது.

---

உலைமூடி:

நஞ்சுமுறி சொன்னதோடு அடுப்படிக் கணக்கைச் சேர்க்கிறேன்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரை 1000 கலோரிக்கு 15 கிராம் நார். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 30 கிராம். பொடி எதுவும் இல்லாமலே இதை எட்டலாம். 60 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 6.7 கிராம், 40 கிராம் பச்சைப்பயறில் (உலர்ந்த எடை) 6.8, 150 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 13, 50 கிராம் முருங்கைக்கீரையில் 4, 150 கிராம் அரிசியில் 4, 40 கிராம் துவரம்பருப்பில் 3.6. கூட்டினால் 38 வருகிறது. கொய்யாவை எடுத்துவிட்டால் 25க்கு இறங்கிவிடும், அதனால் அந்த ஒரு பழத்தை விட்டுவிடாதீர்கள். பெக்டினும் அதில்தான் இருக்கிறது. கொய்யா கிடைக்காத மாதங்களில் பம்ப்ளிமாஸ், சாத்துக்குடி. சுளையை மூடிய வெள்ளைத் தோலைச் சீவி எறியாமல் சாப்பிட வேண்டும், பெக்டின் செறிவாக இருப்பது அங்கேதான். வடிகட்டிய சாற்றில் அது வராது.

தவிடு பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இரும்பையும் துத்தநாகத்தையும் பெரிதும் கட்டுவது நார் அல்ல, அதோடு வரும் ஃபைடேட் (தானியமும் பயறும் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் பொருள்). ஃபைடேட் மில்லிகிராமை 660ஆல் வகுத்து, துத்தநாக மில்லிகிராமை 65ஆல் வகுத்து, முன்னதைப் பின்னதால் வகுங்கள். விடை 15ஐத் தாண்டினால் துத்தநாகம் சரியாக ஏறாது. பச்சைத் தவிட்டைக் கரண்டிக் கணக்கில் மோரில் கலக்கிக் குடிப்பவர்கள் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டுவார்கள். துத்தநாகம் குறைவது இங்கே சின்ன விஷயமில்லை. காட்மியம் விரையை அழிப்பதைத் துத்தநாகம் தடுக்கும் என்று பர்ஷீசெக் என்ற ஆய்வாளர் எலிகளில் காட்டியது 1957இலேயே.

நாரை வைத்துக்கொண்டு ஃபைடேட்டைக் குறைக்க நம் சமையலில் வழி உண்டு:

பயறு வகையை 10-12 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய நீரைக் கொட்டிவிடுங்கள், குழம்பில் ஊற்றாதீர்கள். பிறகு ஈரத்துணியில் கட்டி 24 முதல் 36 மணி நேரம் முளை விடட்டும். முளை அரை அங்குலம் வந்தால் போதும். வெயில் காலத்தில் எட்டு மணிக்கு ஒரு முறை அலசாவிட்டால் வழவழத்து நாறும், அதைத் தூர எறிய வேண்டியதுதான். முளைகட்டியதை ஆவியில் வேகவைத்தே சாப்பிட வேண்டும், கர்ப்பிணிக்குப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது.

கேழ்வரகோ கம்போ, மாவை முந்தின இரவே நீரில் கரைத்து 10-12 மணி நேரம் புளிக்கவிட்டுக் காலையில் கூழ் காய்ச்சுங்கள். தானியத்தில் உள்ள ஃபைடேஸ் நொதி லேசான புளிப்பில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். மாவை முதலில் வறுத்துவிட்டால் அந்த நொதி செத்துவிடும், அப்புறம் எத்தனை மணி நேரம் கரைத்து வைத்தாலும் பலன் குறைவு. பலர் தவறுவது இங்கேதான். இட்லி மாவுக்கும் இதே நியாயம். உடனடி இட்லிப் பொட்டலத்தில் சோடா போட்டு உப்ப வைப்பது பார்வைக்கு மட்டும் புளித்த மாவு.

இரும்பு ஏற, அதே தட்டில் நெல்லிக்காய்த் துண்டோ எலுமிச்சையோ இருக்கட்டும். டீ, காப்பி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி.

நாரை ஒரே நாளில் 15இலிருந்து 35க்கு ஏற்றினால் வயிறு உப்பி, மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள். வாரத்துக்கு 5 கிராம் கூட்டுங்கள். உலைச் சூட்டில் வியர்க்கிறவர் தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் ஏற்றினால் மலம் இறுகும். குடலில் உலோகம் தங்கும் நேரமும் கூடும், செய்ய நினைத்ததற்கு நேர் எதிர்.

ஆக, ஷிஃப்டுக்கு முன் புளித்த கேழ்வரகுக் கூழும் முளைப்பயறும், மதியம் சோறு, பருப்பு, கீரை, ஒரு கொய்யா. கையைக் கழுவிவிட்டு, பட்டறைக்கு வெளியே உட்கார்ந்து.

---

சலித்தமாவு:

இசப்கோல் பற்றி யாரும் சொல்லவில்லை. அது குறைந்த விலையில் கிடைப்பதால் குறிப்பைப் படிப்பவர் நேரே கடைக்குத்தான் போவார். அது விதையின் மேல் உமி, மண் தூசி ஒட்டி வரும் பொருள். காரீயத்தைத் தடுக்கக் குடிக்கும் பொடியிலேயே காரீயம் இருக்க வாய்ப்பு உண்டு. கலிஃபோர்னியாவில் இனப்பெருக்க நச்சுக்கான எச்சரிக்கை எல்லை காரீயத்துக்கு ஒரு நாளைக்கு 0.5 மைக்ரோகிராம். 10 கிராம் உமியில் கிராமுக்கு 0.05 மைக்ரோகிராம் இருந்தாலே அந்த எல்லை வந்துவிடும். வாங்குவதானால் தொகுதி வாரியாக உலோகப் பரிசோதனை முடிவு தருகிற சரக்காகப் பாருங்கள்.

5 கிராமுக்குக் குறைந்தது 240 மில்லி தண்ணீர். உலர்ந்த பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம்.

"மாற்றியமைத்த சிட்ரஸ் பெக்டின்" என்று விலையேறிய பொடி விற்கிறார்கள். சிறுநீரில் உலோகம் கூடியது என்று அதற்குக் காட்டும் 2006 ஆய்வில் இருந்தவர்கள் எட்டே பேர், ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஜாம் போடும் பெக்டினை வாங்கிக் கரைத்துக் குடிக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது மெத்தில் ஏற்றம் கூடிய வகை, பிடிப்பு குறைவு. கொய்யாவே மலிவு.

---

எலிக்கூண்டு:

எலி ஆய்வுகளில் எதை நம்புவது என்று கேட்டதற்கு. ஒரு கட்டுரை கையில் வந்தால் செய்முறைப் பகுதியை முதலில் புரட்டி, உலோகம் எந்த வழியாகக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டிருந்தால் அது நாரின் பிடிப்பைச் சோதிக்கவே இல்லை. காட்மியம் குடலைக் கடக்கவே வேண்டியதில்லையே. அங்கே பலன் தெரிந்தால் அது நாரோடு வந்த பாலிஃபீனாலோ, துத்தநாகமோ, குடல் நுண்ணுயிர் தயாரித்த பியூட்டிரேட்டோ செய்த வேலையாக இருக்கலாம். அதுவும் பயன்தான், ஆனால் "பிடித்து வெளியேற்றியது" என்று தலைப்பிடக் கூடாது.

அடுத்து ஒப்பீட்டு உணவு. ஆய்வக எலிகளுக்கான தரப்படுத்திய ஏ.ஐ.என்-93ஜி தீவனத்தில் ஏற்கெனவே 5 சதவீதம் செல்லுலோஸ் உண்டு. சோதனை நாரை அதற்குப் பதிலாக, அதே எடையில் வைக்க வேண்டும். மேலே கூடுதலாகக் கொட்டினால் மற்ற சத்தெல்லாம் நீர்த்துவிடும். பெக்டின் கலந்த தீவனத்தை எலி குறைவாகத் தின்னும். உலோகம் தீவனத்தில் இருந்தால் அதையும் குறைவாகத்தான் தின்னும். பிறகு "விரையில் காட்மியம் குறைந்தது" என்று எழுதுவார்கள். இணை அளவில் தீனி கொடுத்த குழு (சோதனை எலி தின்ற அளவே தீனி பெறும் ஒப்பீட்டு எலிகள்) இல்லாத கட்டுரையை ஓரமாக வையுங்கள்.

அளவிலும் ஒரு பொறி. காட்மியம் குளோரைடில் காட்மியம் 61 சதவீதம். இரண்டரை மூலக்கூறு நீரோடு படிகமான வகையில் 49 சதவீதம்தான். "கிலோவுக்கு 5 மில்லிகிராம்" என்றால் உப்பா, உலோகமா, எந்த உப்பு என்று எழுதாத கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

காலம்: எலியில் விந்தணு உருவாக ஏறத்தாழ 52 நாள், அதன்பின் விரைமேல் நாளத்தைக் கடக்க ஒரு வாரத்துக்கு மேல். 28 நாளில் முடித்த ஆய்வு முழுச் சுற்றைப் பார்க்கவில்லை. திசுவை வெறும் ஃபார்மலினில் போட்டிருந்தால் நுண்குழல்கள் சுருங்கி, இல்லாத சேதமும் இருப்பதாகத் தெரியும். விரைத் திசுவின் வடிவம் கெடாமல் பதப்படுத்தும் பூவான் திரவம் வேண்டும்.

நார் குடலில் தடுத்ததா என்பதற்குச் சாட்சி மலம். மலத்தில் உலோகம் கூடி, கல்லீரல், சிறுநீரகம், விரை மூன்றிலும் குறைந்திருந்தால் கதை பொருந்துகிறது. விரையில் உலோகம் அப்படியே இருந்து, எம்.டி.ஏ. (ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அளவு), எஸ்.ஓ.டி. (அதைத் தடுக்கும் நொதி) எண்கள் மட்டும் நன்றாகியிருந்தால் அது ஆக்சிஜனேற்றத் தடுப்பு, வேறு தலைப்பு. சுண்டெலியில் இனத்துக்கு இனம் விரையின் தாங்குதிறன் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். இசட்.ஐ.பி-8 என்ற கடத்தியைப் பொறுத்த விஷயம் அது. ஓர் இனத்தில் பொசுங்கும் அளவு இன்னொன்றில் ஒன்றும் செய்யாது.

---

கீரைக்கட்டு:

எல்லோருக்கும் நன்றி. வரைவைத் திருப்பிப் போட்டாயிற்று: கை கழுவுதல், வெறும் வயிறு, இரும்பும் கால்சியமும், பிறகு நார். இன்னும் இரண்டு. பலன் தெரிகிறதா என்று எப்போது, எதைப் பரிசோதிப்பது? பட்டறை தவிர வீட்டுக்குள் காரீயம் வரும் வழிகள் என்று எதை எழுதுவது?

---

நஞ்சுமுறி:

காரீயத்துக்கு முழு இரத்தம். சீரம் கூடாது, இரத்தக் காரீயத்தில் 99 சதவீதம் சிவப்பணுவில் இருக்கிறது. நுண்ணுலோகப் பரிசோதனைக்கான கருநீல மூடி இ.டி.டி.ஏ. குழாய் கேளுங்கள். ஊசி குத்தும் இடத்தைச் சோப்பு நீரில் கழுவிய பிறகே எடுக்க வேண்டும், தோலில் ஒட்டிய தூசி முடிவைக் கெடுத்துவிடும். இரத்தக் காரீயத்தின் அரை ஆயுள் ஒரு மாதத்தை ஒட்டி வரும். ஆகவே வாராவாரம் எடுப்பது வீண், இரண்டு மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவருக்கு எலும்பிலிருந்து ஊறிக்கொண்டே இருப்பதால் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். காட்மியத்துக்கு இரத்தம் அண்மைய வரவையும், சிறுநீர் நீண்டகாலச் சேமிப்பையும் காட்டும். உலோகத்தைக் கட்டி இழுக்கும் மருந்தை வைத்து, "மாத்திரை கொடுத்துப் பிறகு சிறுநீர்" என்று சில இடங்களில் செய்யும் தூண்டல் பரிசோதனையை ஏற்காதீர்கள். மருந்து கொடுத்த பிறகு யாருக்கும் எண் ஏறும், அதை மருந்தில்லாத எல்லையோடு ஒப்பிட்டுப் பயமுறுத்துவார்கள்.

விந்துப் பரிசோதனையை மூன்று மாதத்துக்கு முன் திரும்பச் செய்யாதீர்கள். மனிதரில் ஒரு சுற்று ஏறத்தாழ 74 நாள், மேலே பத்துப் பன்னிரண்டு நாள் பயணம். மாதிரி கொடுக்கும் முன் விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி, இரண்டு தடவையும் ஒரே அளவு இடைவெளி. டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் உள்ள ஆண்களில் எண்ணிக்கை குறைவது நன்றாகப் பதிவானது. அந்த அளவில் இருப்பவரை உணவுக் குறிப்போடு அனுப்பாமல் தொழில்நோய் மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் முதலில் செய்வது உலையிலிருந்து விலக்குவதுதான்.

வீட்டுக்குள் வரும் வழி: ரசம் வைக்கும் ஈயச் சொம்பு. அது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்த மட்டமான சொம்பில் புளியும் சூடும் சேர்ந்தால் அப்படியே கரைந்து இறங்கும். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியப் பாத்திரங்களும் இதே சந்தேகத்துக்கு உரியவை. பளிச்சென்ற மஞ்சள்தூளில் லெட் குரோமேட் (காரீயம் உள்ள மஞ்சள் நிறமி) கலப்படம் உண்டு, விரலி மஞ்சளை வாங்கி அரைப்பது நல்லது. கருத்தரிக்க என்று கொடுக்கும் பஸ்ம மருந்துகள்: நியூயார்க்கில் 2011-12இல் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்து சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளுக்குக் காரீய நச்சு கண்டறியப்பட்டது. பெயரை வைத்து முடிவு செய்யவும் முடியாது. ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்றால் காரீயம், சித்தத்தில் நாகம் என்றால் துத்தநாகம். எந்த டப்பாவாக இருந்தாலும் கொண்டுவந்து காட்டச் சொல்லி எழுதிவிடுங்கள்.

பீடி, சிகரெட்டைத் தனி வரியாக. காட்மியம் அதில் நுரையீரல் வழியே போகிறது, கொய்யா சாப்பிட்டு ஈடுகட்ட முடியாது.

---

உலைமூடி:

ஒரு சின்னத் திருத்தம். அச்சுக்குப் போகும் முன் கர்ப்பிணிக்கான பத்தியில் மாத்திரை நேரத்தைப் பிரித்துப் போடுங்கள்: கால்சியம் 500 மில்லிகிராம் காலை, இரவு உணவுகளோடு, இரும்பு மாத்திரை மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து. மூன்றையும் ஒரே கையில் போட்டுக் கூழோடு விழுங்கினால் கால்சியமும் ஃபைடேட்டும் சேர்ந்து இரும்பை ஏறவிடாது.

---